வீட்டிலும் காது கொடுப்போம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், வாலிபர் பிரதிநிதிகள் ஆகியோருக்காக நடைபெற்ற ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்த வகுப்பில் நாம் சம்பளச் சிட்டையைப் பற்றிப் பேசுவோம். சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பிரசவ விடுமுறைச் சம்பளம், கொழுந்து நிறுவையில் கழிக்கும் கிலோ, இவற்றைப் பற்றிப் பேசுவோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறு விடயம். காது கொடுத்துக் கேட்பது. அதுவும் துரையிடமோ தொழிற் திணைக்களத்திலோ அல்ல. நம்முடைய காம்பராவுக்குள்ளே, நம் வீட்டு ஆட்கள் பேசுவதைக் கேட்பது.

"இதுவும் சங்கத்து வேலையா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

நமது சங்கக் காரியாலயத்துக்கு வருகிற முறைப்பாடுகளை நாங்கள் புத்தகத்தில் பதிந்து வைக்கிறோம். அரைப் பேர், வேலை நிறுத்தம், லயத்துக் கூரை, தண்ணீர்ப் பீலி என்று வருகின்றன. ஆனால், வந்தவர் அதைச் சொல்லி முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். மகன் பேசுவதில்லை, புருஷன் தவறணையிலிருந்து வந்து சண்டை பிடிக்கிறார், மகள் வெளிநாட்டிலிருந்து போன் எடுப்பதைக் குறைத்துவிட்டாள், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு ஒரு மாதமாக முகம் பார்ப்பதில்லை. இதையெல்லாம் எந்தத் துரைக்குக் கடிதம் எழுதித் தீர்ப்பது? நம் வீட்டுக்குள் நாம்தான் தீர்க்க வேண்டும். வீடு கலங்கிப் போன தொழிலாளியால் மலையிலும் நிற்க முடியாது, கூட்டத்திலும் நிற்க முடியாது. ஆகையால் இதுவும் சங்கத்து வேலைதான்.

நாம் கேட்கப்படாத மக்களாக இருந்த காலத்தை முதலில் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தொழிலாளி நேரே துரையிடம் போய்ப் பேச முடியாது. பெரிய கங்காணி மூலமாகத்தான் போக வேண்டும். கங்காணி சொன்னது தொழிலாளி சொன்னதாக ஆகிவிடும். வெளியாட்கள் தோட்டத்துக்குள் வந்து தொழிலாளரைச் சந்திக்கவும் முடியாது, அத்துமீறல் என்று வழக்குப் போடுவார்கள். அந்த நாளில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போலத் தோட்டத்துக்குள் போய்த் தொழிலாளரின் நிலையைத் தெரிந்துகொண்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பேசுவதற்கு முன்னால் அவர் கேட்கப் போயிருக்கிறார், அதைக் கவனியுங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டில்தான் தோட்டக்காரர் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கையைச் செய்துகொண்டன. "தொழிலாளி சொல்வதையும் உட்கார்ந்து கேள்" என்ற உரிமை நமக்கு உயிரைக் கொடுத்த பின் வந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கவாதி, எழுத்தாளர், 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அவர் நம் மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடிச் சேர்த்தார். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது பாடுவது, எல்லாவற்றையும் சேர்த்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று அது புத்தகமாகவும் வந்தது. நம் பாட்டிமார் யாரிடமும் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். கேட்க ஒருவர் வந்ததால் அது இன்று நம் கையில் இருக்கிறது.

ஆகவே, கேட்கப்படாமல் போவது எவ்வளவு பெரிய வலி என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் நாம் துரையிடம் எதை உரிமையாகக் கேட்கிறோமோ, அதை வீட்டில் நம் மனைவிக்கும் கணவனுக்கும் பிள்ளைக்கும் கொடுக்கிறோமா?

லயத்தில் வாழ்கிற நமக்குச் சத்தத்துக்குக் குறைவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை இருமுவது, அடுத்த காம்பராவில் சண்டை, கடைசிக் காம்பராவில் ரேடியோ, எல்லாம் காதில் விழும். காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. இருபது வருடம் ஒரே காம்பராவில் படுத்து எழும்பியும் ஒருவர் மனதில் இருப்பதை மற்றவர் கேட்டறியாத குடும்பங்கள் நம்மிடம் இருக்கின்றன.

இதை மற்றவர்களுக்குச் சொல்ல நாங்கள் ஒன்றும் யோக்கியர்கள் அல்ல. நாங்களே தவறிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட அக்காவின் அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயரையும் தோட்டத்தையும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை.

அவர் ஒருநாள் காரியாலயத்துக்கு வந்தார். கையில் சம்பளச் சிட்டை.

"அய்யா, இந்த மாசம் நாலு அரைப் பேரு போட்டிருக்காங்க. வெள்ளனவே மலையை விட்டு எறங்கிட்டேன்னு சொல்றாங்க. வீட்டுல கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அவர் இழுத்த இடத்தில் நாங்கள் நிற்கவில்லை. பேனாவை எடுத்துவிட்டோம். எந்தத் திகதி, எத்தனை கிலோ, எந்தக் கங்காணி, நிறுவைச் சிட்டை இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டோம். கடிதம் எழுதினோம். தோட்ட நிர்வாகத்தோடு பேசினோம். நான்கு நாட்களில் இரண்டு நாட்கள் அவர் குறித்த கிலோவை எடுத்தே இருந்தார், பதிவில்தான் பிழை. அந்த இரண்டு நாளுக்கும் முழுப்பேர் கிடைத்தது. காரியம் வெற்றி என்று புத்தகத்தில் பதிந்து முடித்தோம்.

மூன்று வாரம் கழித்து அந்த அக்கா திரும்பவும் வந்தார். "காசு வந்துருச்சுங்கய்யா, நல்லா இருப்பீங்க" என்றார். ஆனால் போகவில்லை. வாங்கில் உட்கார்ந்து படங்கின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார். எங்கள் காரியாலயத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற அம்மா இருக்கிறார். அவர்தான் எங்களிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ள இன்னும் சொல்லி முடிக்கலைங்க."

அன்றைக்குத்தான் நாங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ராத்திரி கையில் பை கூட இல்லாமல் வந்து நின்றிருக்கிறான். வந்தவுடன் வீட்டில் எல்லோரும் ஒன்றாகக் கேட்டிருக்கிறார்கள். "ஏன் வந்த? சம்பளம் எங்க? பெட்டி எங்க? என்ன செஞ்சிட்டு வந்த?" அவன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அவனைத் தனியே விட அம்மாவுக்குப் பயம். மத்தியான நிறுவை முடிந்ததும் மனம் நிற்காமல் லயத்துக்கு ஓடி வந்திருக்கிறார். அந்த நாலு அரைப் பேரும் அப்படி வந்தவைதான்.

அவர் புருஷனிடம் சொல்லியிருக்கிறார். "வயசுப் பையன், நாலு நாள்ல சரியாயிடும்" என்று பதில். பீலிக்கரையில் ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அது மறுநாளே மேட்டு லயம் வரை போய், "களவெடுத்துட்டு வந்துட்டானாம்" என்று திரும்பி வந்திருக்கிறது. கடைசியில் சங்கத்திடம் வந்தார். நாங்கள் அவர் சொன்னதில் முதல் வரியை மட்டும் கேட்டுக் கடிதம் எழுதி அனுப்பினோம். வீடு, லயம், சங்கம், மூன்று இடத்திலும் அவர் பேசினார். மூன்று இடத்திலும் யாரும் முழுதாகக் கேட்கவில்லை.

பிறகு அந்தப் பையனின் தகப்பனாரைச் சந்தித்தோம். முதலில் அவருக்குக் கோபம்தான். "நான் புள்ளைக்கி என்ன கொறை வச்சேன்? எங்க வீட்டு விசயத்துல சங்கம் எதுக்கு?" என்று சத்தம் போட்டார். இந்தத் தடவை நாங்கள் குறுக்கிடவில்லை. அரை மணித்தியாலம் பேசினார். தானும் பன்னிரண்டு வயதில் கடைக்குப் போனதையும் அங்கே பட்டதையும் சொன்னார். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்:

"அவன் மூணு தடவ போன் எடுத்தான். ஒருக்கா அழுதான். எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியலை. அதான் 'பொறுத்துக்கடா'ன்னு வெட்டிட்டேன்."

தோழர்களே, இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் மனதில் எடுத்துக்கொண்டு போவதானால் அந்தத் தகப்பனார் சொன்னதை எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. மகன் மேல் பாசம் இல்லாதவரும் அல்ல. என்ன பதில் சொல்வதென்று தெரியாததால்தான் அவர் கேட்பதை நிறுத்தினார். நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான். பிள்ளை கஷ்டத்தைச் சொன்னால் தீர்ப்பதற்கு நம்மிடம் காசு இல்லை, செல்வாக்கு இல்லை. தீர்க்க முடியாததைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அதனால் "சரியாயிடும்", "எல்லாருக்கும் உள்ளதுதான்", "பொறுத்துக்க" என்று வாயை அடைக்கிறோம். ஆனால் சொல்ல வந்தவர் அநேகமாகப் பதில் தேடி வருவதில்லை. தனியாகச் சுமப்பதை இன்னொருவர் முன்னால் இறக்கி வைக்க வருகிறார். அதற்குக் காசு வேண்டாம். கேட்பதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பையன் கடைசியில் யாரிடம் வாய் திறந்தான் தெரியுமா? அப்பாயியிடம். அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தி நேரத்தில் ரொட்டி சுடும்போது, "இங்கன வந்து அடுப்புகிட்ட குந்து, குளிரா இருக்கு" என்று மட்டும் கூப்பிடுவார். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் பேசினான். தகப்பனார் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை எழுந்து உள்ளே போய்க் கேள்வி கேட்கவில்லை. மாதக் கணக்கில் சம்பளம் கொடுக்காமல் வைத்திருந்ததும், கேட்டபோது சாமான் குறைகிறது என்று பழி போட்டு வெளியே தள்ளியதும், ஊருக்கு வெறுங்கையோடு வர வெட்கப்பட்டதும் எல்லாம் வெளியே வந்தன. இனி இருந்து என்ன பிரயோசனம் என்று பலமுறை நினைத்ததாகவும் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். சம்பள நிலுவைக்காகத் தொழிற் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தோம். ஒரு பங்கு வந்தது, முழுதாக வரவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் தம்பி இப்போது தகப்பனாரோடு மரக்கறித் துண்டில் வேலை செய்கிறான். இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அவன் அம்மா மாலை நிறுவை வரைக்கும் மலையில் நிற்கிறார்.

சரி, நல்லபடியாகக் கேட்பதற்கு என்ன செய்ய வேண்டும்? பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. நம் வாழ்க்கைக்கு ஏற்றபடி சில விடயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, நேரம் பார்த்துக் கேட்பது. மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணைப் பாருங்கள். மழையில் நனைந்து, காலில் அட்டை கடித்து, நாள் முழுக்கத் தலையில் கூடையின் பாரத்தோடு நின்றவர். இஸ்தோப்பில் கால் வைக்கும்போதே, "கரண்ட் பில் கட்டினியா, மகன் ஸ்கூலுக்குப் போனானா" என்று ஆரம்பித்தால் அங்கே சண்டைதான் வரும். கூடையை இறக்கட்டும், கால் கழுவட்டும், ஒரு சூடான தேத்தண்ணி குடிக்கட்டும். ஆண்களுக்குச் சொல்கிறோம்: அந்தத் தேத்தண்ணியை நீங்கள் போட்டு வையுங்கள். மனைவி சொல்வதைக் கேட்பது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அடுப்பு, பிள்ளை, தண்ணீர், விறகு எல்லாம் ஒருவர் தலையில் இருந்தால் அவருக்குப் பேசவே நேரம் இருக்காது. நாம் எதைக் கேட்பது?

இரண்டாவது, குறுக்கே விழாமல் இருப்பது. "அதான் தெரியுமே", "இதையே எத்தன தரம் சொல்லுவ" என்று வெட்டக்கூடாது. ஒரே விடயத்தை ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால், இன்னும் அது கேட்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். நடுவில் பேச்சு நின்றாலும் அவசரப்பட வேண்டாம். அடுத்த வார்த்தையை அவர் தேடிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, நம் கஷ்டத்தைக் கொண்டு மற்றவர் கஷ்டத்தை மூடாமல் இருப்பது. இது பெரியவர்களுக்கு. எழுபதுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. அரிசி மாவுக்குத் தட்டுப்பாடு, பட்டினியால் செத்தவர்கள் உண்டு. அதைக் கண்டவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அந்தக் கதை பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஆனால் பேத்தி, "ஸ்கூல்ல என்னைத் தோட்டக்காட்டுப் புள்ளன்னு சொல்றாங்க" என்று அழும்போது, "நாங்க கெழங்கவிச்சுத் தின்ன காலத்துல..." என்று ஆரம்பித்தால் அவள் இனி நம்மிடம் அழ மாட்டாள். அவளுடைய துக்கத்தை அவளுடையதாகவே கேட்போம். நம் கதைக்கு இன்னொரு மாலை இருக்கிறது.

நான்காவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது. இது நமக்குப் பழக்கமான வேலை. முறைப்பாட்டை எழுதினால் கையெழுத்து வாங்குவதற்கு முன் தொழிலாளிக்கு வாசித்துக் காட்டுகிறோம். "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேட்கிறோம். அதையே வீட்டிலும் செய்யலாம். "அப்ப உனக்கு அங்க வேலை செய்யப் பிடிக்கலங்கிறது இல்ல, அந்த முதலாளி பேசுற பேச்சுதான் தாங்கலை, அப்படித்தானே?" என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் நாம் விளங்கிக்கொண்டது பிழையாக இருக்கும். அவன் திருத்துவான். அந்த இடத்தில்தான் இருவரும் நெருங்கி வருவார்கள்.

ஐந்தாவது, தலைவர்களாகிய நமக்குள்ள வியாதி. ஒருவர் வாய் திறந்தாலே தீர்வு சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டிலும் அப்படியே. "நீ இதைச் செய், அதைச் செய்" என்று உத்தரவு போடுகிறோம். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு நான் ஏதாச்சும் செய்யணுமா, இல்ல கேட்டா போதுமா?" என்று. "கேட்டா போதும்" என்ற பதில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள்.

ஆறாவது, ரகசியம் காப்பது. லயத்தில் இது பெரிய சோதனை. நம்மிடம் நம்பிச் சொன்னது காலையில் பீலிக்கரைக்கோ பெரட்டுக் களத்துக்கோ போய்ச் சேர்ந்தால், அவர் மட்டுமல்ல, அதைப் பார்த்த யாரும் நம்மிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். அந்த அக்காவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஏழாவது, போனில் கேட்பது. நம் சகோதரிகள் பலர் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இருக்கிறார்கள். அவர்கள் கோல் எடுத்தால் நாம் முதலில் எதைக் கேட்கிறோம்? "காசு போட்டியா?" அடுத்தது, "எப்ப போடுவ?" பிறகு போன் கை மாறிக் கை மாறி, பிள்ளையிடம் வரும்போது நேரம் முடிந்துவிடும். அங்கிருந்து, "நல்லா இருக்கேன்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலைக் கேளுங்கள். சத்தம் இறங்கியிருக்கிறதா, அவசரமாகப் பேசுகிறாளா, பக்கத்தில் ஆள் இருப்பதால் சொல்ல முடியவில்லையா? "இப்ப பேச ஏலாதா? எப்ப எடுத்தா பேசலாம்?" என்று ஒரு கேள்வி போதும். வாரத்தில் ஒரு கோலாவது காசுப் பேச்சு இல்லாத கோலாக இருக்கட்டும். அம்மாவைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு முதலில் போனைக் கொடுங்கள். அவன் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடியதைச் சொன்னாலும் சொல்லட்டும். ஆயிரம் மைல் தூரத்தில் இருக்கிற தாய்க்கு அதுதான் வேண்டும்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது.

கேட்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருப்பது அல்ல. குடித்துவிட்டு வந்து ஏசுகிறவர் முன்னால் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வெறியில் இருப்பவரோடு ராத்திரியில் வாதம் வேண்டாம். பேச்சைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். கை நீட்டினால் அது குற்றம். குடும்ப வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். தலைவிகளுக்குச் சொல்கிறோம்: ஒரு பெண் உங்களிடம் வந்து, "அடிக்கிறாருக்கா" என்று சொன்னால், "அனுசரிச்சுப் போம்மா, புள்ளைங்க இருக்கு" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அப்படிச் சொன்னால் நாம் அவள் சொன்னதைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும், பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் 1929 என்ற இலக்கத்தையும் எல்லாத் தலைவிகளும் போனில் பதிந்து வையுங்கள்.

அதேபோல, "இனி இருந்து என்ன" என்று யாராவது சொன்னால் அதைப் பகிடியாக எடுக்க வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். "சாகிறதைப் பத்தி நினைக்கிறியா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் போன் எடுக்கலாம். நாம் வைத்தியர் அல்ல. வைத்தியரிடம் போகும் வரை பக்கத்தில் இருக்கும் ஆள் நாம்.

முடிக்கும் முன்னால் மூன்று வேலைகளைத் தருகிறோம். அடுத்த வகுப்பில் இதைப் பற்றிக் கேட்போம்.

ஒன்று, இந்த வாரம் வீட்டில் ஓர் ஆளைத் தெரிந்தெடுங்கள். அதிகம் பேசாத ஆளாக இருந்தால் நல்லது. டிவியை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கால் மணித்தியாலம் அவரோடு உட்காருங்கள். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா இருங்கள். அந்த அப்பாயியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வழக்கமாகப் பேசுகிற நாலு பேரையும் முதல் அரை மணித்தியாலம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். நாம்தான் அந்த நாலு பேர் என்பதும் நமக்குத் தெரியும். பின்வரிசையில் இருக்கிற பெண்களும் இளம் பிள்ளைகளும் பேசட்டும். மலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், கூட்டத்தில் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். இது மாற வேண்டும்.

மூன்று, இது எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்ட வேலை. அந்த அக்கா வந்துபோன பிறகு எங்கள் காரியாலயத்தில் ஒரு பழக்கத்தை ஆரம்பித்திருக்கிறோம். முறைப்பாட்டை எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகு, புத்தகத்தை மூடிவிட்டு, "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்கிறோம். கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுவதில்லை. சிலர் சிரித்துக்கொண்டு, "இல்லைங்க" என்று போய்விடுகிறார்கள். சிலர் திரும்பவும் உட்காருகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு தேத்தண்ணி வருகிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உட்காரக் காத்திருக்கலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

இனி நாங்கள் கேட்கிறோம், நீங்கள் பேசுங்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பிப்போம்.